எங்கள் அப்பா கம்ப்யூட்டரில் இறந்துபோன விவரம்

கரமனை,
வெள்ளிக்கிழமை இரவு.

பாசத்திற்கும் மரியாதைக்கும் உரிய எலிசாள் அக்காவுக்கு,

உங்கள் சித்தப்பா மகள் செல்லபாய் பணிவுடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். மதராஸில் நீங்களும், பாறசாலையில் பெரியம்மாவும் பெரியப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெரியப்பா சுகமாக இருக்க வேண்டும் என்பதை வழக்கத்துக்காக எழுதவில்லை, அக்கா. உண்மையாகவே வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். ஏனென்றால் எங்கள் அப்பா இப்போது அவரை அடக்கம் செய்யப் போயிருக்கிறார்.

பயப்பட வேண்டாம். உங்கள் அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. இறந்தது எங்கள் அப்பாதான். அவரும் இறக்கவில்லை. உங்கள் டேட்டாபேஸில் மட்டும் இறந்தார். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். ஆனால் சத்தம் கேட்காமல் எழுத வேண்டியிருக்கிறது. அம்மா முன்னறையில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு பெரியப்பாவுக்காகத் துக்கப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். நான் தூங்குகிறேன் என்று நினைப்பு. நான் அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தாலே அடி விழும். சபைக் கமிட்டித் தேர்தலில் உங்கள் அப்பா எதிர்க்கட்சிக்குக் கை தூக்கியதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஏழு வருடமாகப் பேச்சில்லையே. நீங்கள் எங்கள் பள்ளிக்கு வந்து கம்ப்யூட்டர் சொல்லித் தருவதையே அப்பா, "அவ சொல்லித் தரட்டு. நீ அவகிட்ட மிண்டாம படிச்சா மதி" என்றுதான் பொறுத்துக்கொண்டார். வாயைத் திறந்து பேசாமல் எப்படிப் படிப்பது?

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் மாதம் நீங்கள் உங்கள் படிப்புக்கான ப்ராஜெக்ட் என்று அந்தப் ப்ரோகிராமைக் கொண்டுவந்து எங்கள் பள்ளியின் ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றியபோது சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெரிய ஆபீஸ்களில் பெரிய டேட்டாபேஸ் வைத்திருப்பார்கள், அதைத் தொட நம்மை விடமாட்டார்கள், அதனால் பிள்ளைகள் தொட்டுப் படிக்க நானே ஒன்று செய்தேன், சோறு வைத்துப் பழகச் சொப்புச் சட்டி இருப்பதுபோல, என்றீர்கள். காட்டு, சேர், மாற்று, அழி என்று தமிழிலேயே கட்டளை, எழுத்து மட்டும் இங்கிலீஷ். கேள்வி கேட்டால் மற்ற மெஷின் மாதிரி சட்டென்று பதிலைத் துப்பாது. ஒவ்வொரு வரியாக நின்று, இதைப் பார்க்கிறேன், பொருந்தவில்லை, தள்ளுகிறேன், அடுத்ததைப் பார்க்கிறேன் என்று காட்டிக்கொண்டே போகும். முடிவில் 'விடை சரி' என்று போடும். கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறாய் என்றுதான் அதற்கு அர்த்தம், உள்ளே இருப்பது உண்மை என்று அர்த்தமில்லை என்று நீங்கள் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னீர்கள். எங்கள் தலையில்தான் குட்டினீர்கள். ஹெட்மாஸ்டர் தலையில் குட்ட முடியாதே.

எங்கள் வகுப்பைப் பற்றியே ஒரு பட்டியல் செய்வோம், என்னென்ன கேட்கலாம் என்று ஆளுக்கொன்று சொல்லுங்கள் என்றீர்கள். நான்தான் 'வீட்டில் பூனை உண்டா' என்று சொன்னேன். அப்போது வெங்கடகிருஷ்ணன் சார் எட்டிப் பார்த்து, "என்ன பூனை, நாய்னுண்டு! ஸ்கூலுக்கு உபயோகமா ஏதாவது வைக்கப்படாதோ?" என்று கேட்க, நீங்கள் ஹெட்மாஸ்டர் மனம் நோகக் கூடாது என்று அப்பா பெயர், அப்பா வேலை, அப்பா வயது, அப்பா உண்டா இல்லையா என்று நான்கு இடம் சேர்த்தீர்கள். அவர் போனதும் எங்களிடம் மெதுவாக, இது படிக்கிறதுக்குத்தான், மனதுக்குத் தோன்றியதைப் போடுங்கள், பரீட்சை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்றீர்கள். நாங்களும் தோன்றியதைப் போட்டோம். உச்சிமாகாளி தன் அப்பாவை மந்திரி ஆக்கினாள். அவர் சாலைக் கடையில் மூட்டை தூக்குகிறார்.

நான் என் அப்பாவை முதலில் நல்லபடியாகத்தான் வைத்திருந்தேன், அக்கா. தாசையன், தையல் கடை, உண்டு. ஜனவரியில் பள்ளியிலிருந்து கல்லாறுக்கு டூர் போனார்களே, அதற்கு அப்பா என்னை விடவில்லை. "ஆத்துல வழுக்கி விழுந்தா ஆரு சமாதானம் சொல்லுவா?" என்றார். எல்லோரும் போய் ஆற்றில் கால் நனைத்துத் திரும்பி வந்து ஒரு வாரம் அதையே பேசினார்கள். ஒரு நாள் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தபோது, மாற்று என்று கட்டளை கொடுத்து, நிபந்தனையெல்லாம் சரியாகப் போட்டு, 'உண்டு' என்பதை 'இல்லை' ஆக்கினேன். 'விடை சரி' என்று வந்தது. மனம் ஆறிவிட்டது. மறுநாள் திரும்ப மாற்றிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக மறந்துபோய்விட்டேன். நீங்கள் மதராஸுக்கு டிரெயினிங் போகும்போது, நான் வரும்வரை நீதான் இதை ஓட்டிக் காக்க வேண்டும் என்று என்னிடம் ஒப்படைத்துப் போனீர்கள். சொந்த அப்பாவைக் கொன்றவளிடம்.

இன்று காலை இடைவேளைக்கு முன்னால் சார் என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு தபால். ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனத்திலிருந்து வந்தது. அப்பா இல்லாத பெண் குழந்தை ஒன்றை ஒன்பதாம் வகுப்பிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பினால், பிரீடிகிரி முடியும்வரை பீஸ், புத்தகம், ஹாஸ்டல் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். பெயர் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். கிளாஸ் டீச்சர் பிரசவ லீவில் இருக்கிறார். "டீச்சர் எதுக்கு? நம்மகிட்டத்தான் கம்ப்யூட்டர் இருக்கே. கேளுடீ குழந்தே, அதுகிட்ட" என்றார் சார்.

அந்தப் பெயர் யாருடையது என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மாடம்மாள். அவள் அப்பா கட்டட வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அவள் அம்மா ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். பரீட்சை முடிந்ததும் மாடம்மாளும் அங்கேயே வேலைக்குப் போவதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் நிபந்தனைக்குள் நிபந்தனை வைப்பது எப்படி என்று முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். இந்த உதவி கிடைத்தால் அவள் படிப்பாள். கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் முதல் சாம்பார் வாளி. நான் சந்தோஷமாகக் கேள்வியை அடித்தேன்.

மெஷின் வரிவரியாகப் போயிற்று. சார் கைகட்டி நின்று, கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோலப் பார்த்தார். பின்னால் நாலைந்து பிள்ளைகள், அவர்களோடு மாடம்மாளும் நின்றாள். அவள் வரி வந்தது. 'அப்பா வேலை: கொத்தனார். அப்பா: உண்டு. பொருந்தவில்லை. தள்ளுகிறேன்.' அதற்குப் பிறகுதான் என் வரி வந்தது. மற்ற எல்லோரையும் தள்ளிவிட்டு மெஷின் ஒரே ஒரு ஆளை நிறுத்திக் காட்டிற்று. 'செல்லபாய். பூனை: உண்டு. அப்பா: இல்லை. விடை சரி.'

சார் என் தலையில் கை வைத்தார். "ஏன்டீ குழந்தே, இத்தனை நாளா வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலையே நீ" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு, கோபத்தில் கொன்றேன் சார் என்று எப்படிச் சொல்வேன்? அந்த நேரம் பார்த்து வராந்தாவில் எங்கள் அப்பா வந்து நின்றார். நான் சோற்றுத் தூக்குவாளியை மறந்து வந்திருந்தேன். கடையை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் அளவு டேப்பு தொங்க, அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இவர் ஆரு?" என்று சார் கேட்டார்.

"சித்தப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. இறந்த ஒருவர் வாளியோடு நிற்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்?

சார் விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போய் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்க அண்ணா தவறிப்போன விஷயம் நேக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. இனிமே நீங்கதானே எல்லாத்தையும் பாத்துக்கணும்" என்றார்.

அப்பா வாளியைக் கீழே வைத்தார். "எனக்க அண்ணனா? அண்ணன் செத்துப்போச்சா? எப்பளாக்கும் சார்?"

"எப்போன்னு இதுல இல்லை. இல்லைன்னு மட்டும் இருக்கு."

"எதுல இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல."

உங்கள் கம்ப்யூட்டர், உங்கள் அப்பா. அதனால் நீங்கள்தான் மதராஸிலிருந்து எப்படியோ அதில் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள் என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். "ஏழு வருசம் மிண்டாம இருந்தேனே, எனக்க அண்ணனே" என்று தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா, எங்கள் அப்பா அழுது நான் பார்த்ததேயில்லை. சாரும் கூட அழுதார். நான் ஓடிப்போய் உண்மையைச் சொல்வதற்குள் அப்பா கேட்டைத் தாண்டிவிட்டார். சாயங்காலம் நான் வீடு வந்து சேர்ந்தபோது வெள்ளை வேட்டியும் மாலையும் வாங்கிக்கொண்டு பாறசாலை பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "எலிசாளுக்குத் தந்தி அடிக்கணும். அவளுக்க மதராஸ் அட்ரஸ் ஆருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். தெரியாது என்றேன். இன்றைக்குச் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் யாருக்காவது நல்லது செய்தது. அம்மாவோ, பாகம் பிரித்தபோது காணாமல் போன வெண்கல உருளியைப் பற்றி இத்தனை வருடம் பேசியதையெல்லாம் ஒரே நாளில் மன்னித்துவிட்டாள். "அவரு நல்ல மனுசனாக்கும். உருளிய அவரு எடுக்கல்ல, அவருக்க பெஞ்சாதிதான் எடுத்தா" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். உங்கள் அம்மாவைச் சொன்னதற்கு நீங்கள் மன்னிக்க வேண்டும்.

ஆனால் எனக்குத் தூக்கம் வராதது இதனால் அல்ல. அப்பா பாறசாலை போய்ச் சேர்ந்ததும் பெரியப்பாவே வந்து கதவைத் திறந்துவிடுவார், இந்தச் சாவு அதோடு முடிந்துவிடும். மாடம்மாள் விஷயம் அப்படி முடியாது. அப்பா போனபிறகு நான் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு, "சார், மெஷினுக்குத் தப்பு வந்துட்டுது" என்றேன். சார் திரையைக் காட்டினார். "விடை சரின்னு போட்டிருக்கே. தப்புன்னா உங்க அக்காளோட ப்ராஜெக்டுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? பரிசோதகர் வந்து கேட்டா மெஷின் பொய் சொல்லித்துன்னா எழுதித் தருவேன்?" என்றார். என் பெயரை அழகான கையெழுத்தில் ஒரு தாளில் எழுதினார்.

மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் மாடம்மாளைப் பிடித்துக் கேட்டேன். உன் அப்பா இல்லையென்று ஏன் போடவில்லை, சாரிடம் ஏன் சொல்லவில்லை என்று.

"எலிசாள் அக்கா என்ன வேணும்னாலும் போடுங்கன்னுதான சொன்னாவ. எனக்கு அதான் வேணும்னு இருந்துச்சு" என்றாள். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "ஏட்டி, ஒனக்கு ஒங்கப்பா வேண்டாம்னா எங்கிட்ட குடுத்திருக்கப்பிடாதா? சும்ம கொன்னு போட்டிருக்கியே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

"சார்கிட்ட போய்ச் சொல்லு. உனக்குத்தான் கிடைக்கணும்."

"நான் போயி எங்கப்பா செத்துப்போனாருன்னு சொல்லணுமாக்கும். நீயே சொல்லு, ஒங்கப்பா உசுரோட இருக்காருன்னு. அது லேசுல்லா."

லேசுதான் அக்கா. ஆனால் என்னால் முடியவில்லை. சொன்னால் சார் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்பார். டூருக்கு விடாததற்காக மகள் தன்னைச் சாகடித்தாள் என்று அப்பாவுக்குத் தெரியவரும். அடித்தால் பரவாயில்லை. அடிக்காமல் சும்மா இருந்துவிட்டால் என்ன செய்வேன்? சொல்லாவிட்டால் மாடம்மாளின் படிப்பு என் பெயரில் போய்விடும். மெஷின் மேல் போட்டால் உங்கள் படிப்பு போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவர் சாகிறார்.

ஆகையால் உங்களை ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். முழுப் பட்டியலையும் அழிக்கும் பாஸ்வேர்ட் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைத் திருப்பித் தபாலில் எழுதி அனுப்புங்கள். எல்லா அப்பாக்களையும் பூனைகளையும் ஒன்றாக அழித்துவிடுகிறேன். அப்போது சார் வகுப்புக்கு வந்து ஒவ்வொருவராக வாயால் கேட்டுத்தானே ஆக வேண்டும். திங்கட்கிழமைக்குள் உங்கள் பதில் வர வேண்டுமென்றால் நீங்கள் நேற்றே எழுதிப் போட்டிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அனுப்புங்கள். இனி என் வாழ்நாளில் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன். நீங்கள் என்னை நம்பி ஒப்படைத்ததை நினைத்தால் அரிசிப் பானைக்குள் இறங்கி மூடிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உங்கள் டிரெயினிங்கைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. அங்கே இருக்கும் பெரியவர்களுக்கு என் ஸ்தோத்திரம். பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
மன்னிக்கத் தகுதியில்லாத தங்கை,
செல்லபாய்

பின்குறிப்பு (சனிக்கிழமை மத்தியானம்): அக்கா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். பாஸ்வேர்டை அனுப்பவே வேண்டாம்.

காலையில் இதைத் தபாலில் போடப் பாலத்தடிக்குப் போனபோது பாறசாலை பஸ்ஸிலிருந்து அப்பா இறங்கினார். கூடவே பெரியப்பாவும் இறங்கினார். ராத்திரி அப்பா மாலையோடு முற்றத்தில் விழுந்து புரண்டு கத்தியபோது பெரியப்பா கையில் கஞ்சியோடு வெளியே வந்து, "ஆருல செத்தது?" என்று கேட்டாராம். பிறகு இரண்டு பேரும் விடியும்வரை பேசினார்களாம். இந்தப் புரளியைக் கிளப்பியது யார் என்று சாரிடம் கேட்கத்தான் ஒன்றாக வந்திருக்கிறார்கள். அந்த மாலை இப்போது பெரியப்பா கையில் இருந்தது.

தபால் பெட்டியடியில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெரியப்பாதான், "லே தாசையா, என்னை நீ கொன்ன, உன்னை இவ கொன்னா. சரியாப் போச்சு, நடல" என்றார். அப்பா நடந்துகொண்டே, "ஆறு அப்பிடி ஒண்ணும் ஆழமில்லதான்" என்று மட்டும் சொன்னார். அடித்திருக்கலாம்.

பள்ளியில் சனிக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அப்பா சாருக்கு முன்னால் போய் நின்று, "சார், நான் இவளுக்க சித்தப்பன் இல்ல. செத்துப்போனவனாக்கும்" என்றார். சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நான் மாடம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மீதியையும் சொன்னேன். சார் என்னைத் திட்டிய திட்டை எழுத இன்னொரு இன்லண்ட் வேண்டும். திட்டி முடித்து, "சரி, ரெக்கார்ட் சரியா இருக்கணும். ரெண்டு பேரும் அவாவா வரியத் திருத்துங்கோ. அப்புறம் நான் பேரை எழுதறேன்" என்றார்.

நான் முதலில் உட்கார்ந்து அப்பாவை உயிர்ப்பித்தேன். அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாடம்மாள் உட்கார்ந்தாள். மாற்று என்று அடித்தாள். நிபந்தனை அடித்தாள். 'இல்லை' என்று அடிக்க வேண்டிய இடத்தில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சார், நீங்க தாள்ல கையால எழுதிக்கிடுங்க. சர்ட்டிபிகேட் வீட்ல இருக்கு, கொண்டாந்து காட்டுதேன். இதுல அவரு இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். கம்ப்யூட்டர் சொல்லாததை இதுவரை எழுதாத வெங்கடகிருஷ்ணன் சார், என் பெயரைக் கோடிட்டு அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார். தாள் இன்றைய தபாலில் போய்விட்டது. உங்கள் ப்ராஜெக்டுக்கும் கையெழுத்துப் போடுகிறாராம். மெஷின் பொய் சொல்லவில்லை, பிள்ளைகள்தான் சொன்னார்கள் என்று எழுதித் தருவாராம்.

எழுந்திருப்பதற்கு முன்னால் மாடம்மாள் ஒன்றே ஒன்றை மாற்றினாள். அவள் அப்பாவின் வயது முப்பத்தெட்டு என்று இருந்தது. அதை முப்பத்தொன்பது ஆக்கினாள். சார் எதற்கு என்று கேட்டார். "எங்கப்பா பொறந்த மாசம் மாசி. மாசி பொறந்தாச்சுல்லா சார்" என்றாள்.

பரிசோதகர் வரும்போது அந்த வரியைப் பிழை என்று சொன்னால், நீங்களும் திருத்திவிடாதீர்கள், அக்கா.